கடைசி சி-ஜி வதைப் படலம்

வாழ்க அவள்! நீலக் கையுறை பூண்ட நிகரிலி வாழ்க! துளிகளை அளந்து விடும் பிப்பெட் என்னும் பெருவேலை வலக்கையில் ஏந்தி, பனிக்கட்டி வாளியை இடக்கையில் தாங்கி, வெண்கோட்டின் பையில் இரண்டு மார்க்கர் பேனாவும் ஒரு தலைவலி மாத்திரை அட்டையும் செருகி, காலை எட்டே முக்காலுக்கு மூன்றாம் மாடி ஆய்வகத்துக்குள் எழுந்தருளும் வீராங்கனை வாழ்க! அவள் வாசலில் கால் வைத்ததும் சுழலும் இயந்திரங்கள் சுழன்றன. குலுக்கும் இயந்திரங்கள் குலுக்கின. மைனஸ் எண்பது ஃப்ரீசர் மதங்கொண்ட களிறென உறுமியது. அவள் லீவு போட்டாலும் அவை அதையேதான் செய்யும் என்பது வேறு விஷயம்.

அவளை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த மாணவி அக்கா என்றாள். வாயு சிலிண்டர் கொண்டுவருபவர் அக்கா என்றார். அவளைவிட ஏழு வயது மூத்தவரும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே ஆய்வகம் முழுக்கத் தேடுபவருமான தலைமை விஞ்ஞானி, அதாவது மேடம், அவரும் அக்கா என்றார். பதவி டெக்னீஷியன். பதினோரு வருட சர்வீஸ். பிறர் கணினியில் வரைந்து கொடுக்கும் பிளாஸ்மிடுகளைப் பாக்டீரியாவில் வளர்த்து, பிரித்து, கழுவி, குப்பியில் அடைத்துக் கொடுப்பது அவள் வேலை.

இப்பெருங்கதையைப் பாட உனக்கென்ன தகுதி என்று அவையோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தகுதி ஒன்றும் இல்லை. ஆனால் நடந்ததைத் தெரிந்துகொண்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பிளாஸ்மிட் இன்னதென்று அறியாதோர் அஞ்சற்க. அது டி.என்.ஏ.வால் ஆன ஒரு வளையம். ஏ, டி, சி, ஜி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஓலை. உயிரணுக்களுக்குள் புகுந்து ‘இன்ன புரதத்தைச் செய்க’ என்று ஆணையை ஒப்படைக்கும் தூதன். தூது போவது லேசுப்பட்ட காரியமா? உடல் என்னும் கோட்டைக்குக் காவல் உண்டு. கிருமிகளை மோப்பம் பிடிக்கும் காவல் அணுக்கள் அங்கே இமை கொட்டாமல் நிற்கின்றன, இமையே இல்லாததால் அது அவற்றுக்குச் சுலபம். அவற்றுக்குப் படிப்பும் அதிகமில்லை. சி-யை அடுத்து ஜி வந்தால் மட்டும் அடையாளம் தெரியும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் அந்த ஜோடி தொட்ட இடமெல்லாம் வெறுந்தலையோடு கிடக்கும். நம்முடைய டி.என்.ஏ.விலோ அது அபூர்வம். இருக்கிற இடத்திலும் மெத்தில் என்னும் குட்டித் தொப்பியை மாட்டிக்கொண்டு பெரும்பாலும் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். ஆகவே தொப்பியில்லாத சி-ஜியைக் கண்டதும் காவல் அணு ‘ஐயோ, கிருமி, கிருமி!’ என்று ஊரைக் கூட்டிவிடும். அந்த அமளியில் தூதன் கொண்டுபோன ஆணையை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அந்த அமளியையே விரும்பும் ஒருவன் அந்த ஆய்வகத்தில் இருந்தான். அவனே எதிர்த்தலைவன்: விசைப்பலகை வித்தகன், ஹெட்போன் சூடிய செருக்கன், சுழல்நாற்காலிச் சக்கரவர்த்தி. ஆராய்ச்சிப் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் அந்த மிடுக்கைப் பார்த்து எல்லோரும் டாக்டர் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் தடுப்பூசிக்காகப் பிளாஸ்மிட் வரைபவன். தடுப்பூசிக்குக் காவல் அணுக்கள் கத்தினால்தான் நல்லது. எனவே சி-ஜிகளை அவன் வலியப் போய் வாரி வாரிச் சேர்ப்பான். கத்திய கத்தலுக்கு ஏற்ப அவனுக்குப் பெயர் கிடைத்தது.

பெயர் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் இருக்கிறது விஷயம். அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். ஒருவர் வரைந்த பிளாஸ்மிட் சோதனையில் தேறினால், அதன் குப்பியில் வரைந்தவரின் பெயரை மேடம் தம் கையாலேயே எழுதி, ஃப்ரீசரின் மேல்தட்டில் வைப்பார். தேறாவிட்டால் ஓர் எண், கீழ் இழுப்பறை. மேல்தட்டில் டாக்டர் தம்பியின் பெயர் ஒன்பது முறை இருந்தது. அந்த ஒன்பதையும், கீழே கிடந்த முன்னூற்றுச் சொச்சத்தையும் வளர்த்தது, பிரித்தது, கழுவியது எல்லாம் அக்காவின் கை. அவளுடைய பெயர் எந்தத் தட்டிலும் இல்லை.

இந்நிலையில் ஒரு மருத்துவமனையிலிருந்து வேண்டுகோள் வந்தது. தசை நலிந்த நோயாளிகளுக்கு, உடலுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, ஒரு புரதத்தைச் செய்யவைக்கும் சாதுவான தூதன் வேண்டுமாம்.

“சத்தமே போடாத பிளாஸ்மிடா? செம போர் மேடம்,” என்று டாக்டர் தம்பி நாற்காலியில் அரைச் சுற்றுச் சுற்றினான்.

“நான் வரைஞ்சு பாக்கட்டுமா மேடம்?” என்றாள் அக்கா.

மேடம் நெற்றியிலிருந்த கண்ணாடியை மேசையில் தடவித் தேடிக்கொண்டே, “பாருங்கக்கா, பாருங்க,” என்றார். அவர் அதை அனுமதியாகத்தான் சொன்னாரா, கண்ணாடியைத் தேடச் சொன்னாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அக்கா அனுமதி என்றே எடுத்துக்கொண்டாள்.

தொடங்கியது நான்கு மாதத் தவம்! எதிரிகள் இருநூற்றுத் தொண்ணூற்றொரு சி-ஜிகள். ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொல் இருப்பதுபோல, டி.என்.ஏ. மொழியிலும் ஒரே ஆணையை வேறு எழுத்துகளால் எழுதலாம். மதிய இடைவேளையில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் எலி, அதாவது கணினியின் எலி, என்று அவள் ஒவ்வொரு சி-ஜியாகத் தேடிப் பிடித்து, பொருள் கெடாமல் எழுத்தை மாற்றினாள். மூன்று முறை பாக்டீரியா அந்த மாற்றத்தைத் தாங்காமல் மண்டையைப் போட்டது. நான்காம் முறை பிழைத்தது. அன்று அவள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள், காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். நீள்வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர். பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவள் பேசியதெல்லாம் கையுறை தீர்ந்துபோச்சு என்பதுதான். இப்போது முழங்கினாள்:

“ஒண்ணு கூட இல்ல மேடம். ஒரே ஒரு சி-ஜி கூடக் கிடையாது.”

கொட்டட்டும் முரசு! அன்று பிற்பகலே களம் குறிக்கப்பட்டது. களமாவது, தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட உள்ளங்கையகலப் பிளாஸ்டிக் தட்டு. குழிதோறும் மனிதக் காவல் அணுக்கள் ஐம்பதாயிரம். மேல்வரிசையில் டாக்டர் தம்பியின் புதிய பிளாஸ்மிட், கீழ்வரிசையில் அக்காவுடையது, நடுவில் சும்மா உப்புநீர். அணுக்கள் கத்தினால், மறுநாள் சாயம் சேர்க்கும்போது குழி மஞ்சளாகும். எவ்வளவு கத்தலோ அவ்வளவு மஞ்சள். பேசாமல் இருந்தால் தண்ணீராகவே இருக்கும்.

மறுநாள் காலை பதினொன்றரை. சாயம் விழுந்தது. மேல்வரிசை பளீரென்று மஞ்சளாகப் பொங்கி எழுந்தது. டாக்டர் தம்பி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, வெற்றிக்கு அறிகுறியாகக் கழுத்தை நெட்டி முறித்தான். நடுவரிசை தெளிந்த நீர். கீழ்வரிசையோ... ஐயகோ! சாயம் போன சட்டையைத் துவைத்த தண்ணீர்போல, இருக்கிறதா இல்லையா என்று கேட்கவைக்கும் ஓர் இளமஞ்சள். அளக்கும் இயந்திரத்தில் வைத்தால் இருக்கத்தான் இருக்கிறது என்றது. அக்கா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இறக்கினாள், மறுபடி தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் குறையவில்லை.

“விடுங்கக்கா, முதல் தடவைக்கு இதுவே பெருசு,” என்றான் டாக்டர் தம்பி. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் படலமே இல்லை. அவன் நிறுத்தவில்லை. “எழுத்துல தப்பு இருக்காது. கழுவறதுல பாக்டீரியாவோட தோல் துணுக்கு எங்கயாவது ஒட்டியிருக்கும். அதுக்கும் செல்லு கத்தும்ல?”

அடேயப்பா! என்ன சொல் சொன்னான்! கழுவறதுல! பதினோரு வருடம் கழுவிக் கழுவி விரல்நுனி ரேகை தேய்ந்து, அலுவலக வாசலின் விரல்ரேகைக் கருவியே அவளைத் தினமும் மூன்று முறை திருப்பி அனுப்பும் அளவுக்குக் கழுவியவளைப் பார்த்தா இந்தச் சொல்! அக்காவின் முகம் சிவந்தது.

“உன் ஒம்போதையும் யார் கழுவினது தம்பி? வானத்துலேருந்து விழுந்துச்சா?”

“நான் உங்களைக் குத்தம் சொல்லலைக்கா...”

“பின்ன யாரச் சொல்ற, சோப்பையா?”

மேடம் கையை உயர்த்தினார். அவை அடங்கியது. தீர்ப்பு வந்தது: “வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் டைம் அக்கா. தப்பு எங்கன்னு காட்டிட்டீங்கன்னா இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாம். இல்லன்னா நம்பர் போட்டுக் கீழ வச்சிடுவோம். ஆஸ்பத்திரிக்குத் தம்பியே வேற ஒண்ணு வரையட்டும்.” அடுத்த எண் முன்னூற்றுப் பதின்மூன்று. நான்கு மாத மதியச் சாப்பாடும் ஒரு மூன்றிலக்க எண்ணாகிக் கீழே போய்விடும். அக்கா வெறுமனே தலையசைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை, முதல் நாள் போர். முதலில் கைமேல் விழுந்த பழியைத் துடைக்கப் புறப்பட்டாள். பாக்டீரியாத் தோல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: மருந்தோடு கலந்து ஒரு மணிநேரம் வெதுவெதுப்பில் வைத்துக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அழுக்கிருந்தால் கூழாக உறைந்து அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். சுத்தமென்றால் ஓடிவரும். அக்கா குப்பியை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் தம்பியின் மேசைக்குப் போனாள். அவன் கண்ணெதிரே கவிழ்த்தாள். அது தங்குதடையின்றி ஓடி, அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் திறந்த பக்கத்தில் போய் விழுந்தது.

“சுத்தமா இருக்கா?” என்றாள்.

“சுத்தமா இருக்குக்கா,” என்றான் அவன், நோட்டைக் கோட்டு நுனியால் துடைத்துக்கொண்டே.

கை வென்றது. ஆனால் கை வென்றால் எழுத்து தோற்றது என்று அர்த்தம். கழுவலில் குற்றம் இல்லையென்றால் அவள் வரைந்ததில்தான் குற்றம். வென்ற மகிழ்ச்சி வெராந்தாவின் அந்தக் கோடிவரைகூட அவளோடு வரவில்லை.

டாக்டர் தம்பி கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நோட்டு காய்ந்ததும் அவனே முன்வந்து, தான் எழுதிய தேடுபொறியை, மூவுலகும் புகழ்வதாக அவன் நம்பிய அந்த நிரலை, அவளுக்காக ஓடவிட்டான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நாலாயிரத்து எண்ணூறு எழுத்துகளையும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் படித்துவிட்டுச் சொன்னது: சி-ஜி, சுழியம்.

“பாத்தீங்களா? சுத்தமா இல்ல. வேற ஏதோ காரணம்க்கா.”

“ஒரு வரி முடியற எடத்துல சி இருந்து, அடுத்த வரி ஜி-யில ஆரம்பிச்சா?”

“அதெல்லாம் அதுவே பாத்துக்கும். வரியெல்லாம் நம்ம கண்ணுக்குத்தான், அதுக்கு எல்லாமே ஒரே நீளக் கோடு.”

“உன் புரோகிராம் கழுவறதப் பத்தியும் கருத்துச் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டு அக்கா போய்விட்டாள். நம்பவில்லை. இயந்திரத்தை நம்பாதவள் இல்லை அவள். அந்தத் தொனியை நம்பவில்லை.

வியாழன், இரண்டாம் நாள் போர். இப்போது சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நாலாயிரத்து எண்ணூறு எழுத்துகளையும் வரிக்கு எண்பதாக அச்சடித்தாள். கத்தரிக்கோல் என்னும் இருபுற வாளால் வரி வரியாக வெட்டினாள். அறுபது நாடாக்கள் ஆயின. ஒன்றன் முனையோடு அடுத்ததன் தலையைச் செலோடேப்பால் ஒட்டினாள். ஒட்டும் இடமெல்லாம் உற்றுப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது ஒட்டிலும் எதிரி இல்லை. ஆய்வகத்துக்குள் இவ்வளவு காகிதம் ஆகாது என்பதால், கூட்ட அறையில், நீள்வட்ட மேசையின் விளிம்பைச் சுற்றி நாடாவைப் படரவிட்டாள். சிவப்புப் பேனாவை உருவினாள். முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள் யுத்தத்தை.

ஒவ்வொரு சி-யையும் விரலால் அழுத்தி, அதற்கு அடுத்து நிற்பவன் யார் என்று விசாரித்தாள். சி-யை அடுத்து ஏ: போ. சி-யை அடுத்து டி: போ. சி-யை அடுத்து இன்னொரு சி: இரு, உனக்கு அடுத்து யார்? ஏ-வா? இரண்டு பேரும் போங்க. மேசையைச் சுற்றிக் குனிந்தபடியே அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். முதுகு கெஞ்சியது, கண்ணில் எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. ஒருவர் வந்து, “மீட்டிங் இருக்காக்கா இங்க?” என்று கேட்டு, அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில், “இல்ல, அப்புறம் வரோம்,” என்று போய்விட்டார். வெளியே மழை வந்து நின்றதும் அவளுக்குத் தெரியாது.

ஐந்தரை மணிக்குக் கூட்ட அறை வாசலில் அவள் கணவர் வந்து நின்றார். அவர் தையற்காரர். தினமும் ஐந்து மணிக்கு ஸ்கூட்டரோடு கீழே காத்திருப்பார். அரைமணி நேரம் போன் அடித்தும் எடுக்காததால், பார்வையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். கழுத்தில் அளவு நாடாவும் தொங்கியது, கடையில் கழற்ற மறந்திருந்தார்.

“என்னம்மா இது, மேசைக்கெல்லாம் தோரணம்? யாராவது பெரிய ஆளு வர்றாங்களா?”

“பேசாம அந்த முனையப் புடிங்க. கீழ விழுந்துட்டே இருக்கு.”

அவர் பிடித்தார். எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி. கை சும்மா இராமல் மேசையின் சுற்றளவை மட்டும் அளந்துவைத்தார். பத்து மீட்டர் எட்டு சென்டி. அந்தத் தகவலை யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாடா. ஐம்பத்தொன்பது. அறுபது. கடைசிக்கு முந்தைய எழுத்து டி. கடைசி எழுத்து சி. அதை விரலால் அழுத்தினாள். அதற்கடுத்து யாரும் இல்லை, காகிதம் முடிந்துவிட்டது. நாலாயிரத்து எண்ணூறு எழுத்தில் ஒரு சி-ஜி கூட இல்லை. சிவப்புப் பேனாவின் மூடியை மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, வீராங்கனைகள் அழலாமா கூடாதா என்று எந்த நூலிலும் விசாரிக்காமல், கையுறையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.

கணவர் பதறிப்போனார். முனையை விடலாமா கூடாதா என்று தெரியவில்லை. விட்டால் அதற்கும் திட்டு விழுமோ என்று பிடித்துக்கொண்டே நின்றார்.

“விடும்மா. தப்பு இல்லன்னா நல்லதுதான?”

“தப்பு இல்லன்னா அது ஏங்க மஞ்சளாச்சு?” என்று வெடித்தாள். “தப்பு இருக்கு. எனக்குத்தான் தெரியல. தெரியாதவ எதுக்கு வரையணும்? கழுவிட்டே இருந்திருக்கலாம்.”

அவர் கையில் நாடா இருந்தது, மேசையில் செலோடேப் இருந்தது, தையற்காரனின் கை சும்மா இருக்குமா? நாடாவின் கடைசி முனை மேசையைச் சுற்றிவந்து முதல் முனையருகே நின்றிருந்தது. லேசாக இழுத்துச் சரிசெய்து, விளிம்போடு விளிம்பு பிசகாமல் சேர்த்து, ஒரு துண்டு டேப்பைப் போட்டு அழுத்தினார்.

“இந்தா, இப்ப விழாது. இடுப்புப் பட்டி மாதிரி கச்சிதமா உக்காந்துடுச்சு. நாங்க பட்டி தச்சா எல்லாத்தையும் பாத்துட்டு, கடைசியா ஜாயின்ட்டத்தான் பாப்போம். கோணல்னு ஒண்ணு இருந்தா அங்கதான் ஒளிஞ்சிட்டிருக்கும். ஆமா, உங்க சரக்குல ஜாயின்ட் எங்க வரும்?”

“இதுல ஏதுங்க ஜாயின்ட்டு? இது முழு வளை...”

வாக்கியம் பாதியில் நின்றது. அக்கா எழுந்தாள். அண்டங்கள் அசைவற்று நின்றன. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வளையம்! காகிதத்தில் கோடு, கணினியில் கோடு, தேடுபொறிக்குக் கோடு; ஆனால் காவல் அணுவின் முன் போய் நிற்பது வளையம்! வளையத்துக்கு ஏது முதல், ஏது கடைசி? எங்காவது வெட்டினால்தானே படிக்க முடியும் என்று யாரோ என்றோ ஓரிடத்தில் வெட்டிக் கோடாக்கினார்கள். அந்த வெட்டு விழுந்த இடத்தை யாருமே படிக்கவில்லை. கணவர் ஒட்டிய டேப்பின் மேல் குனிந்தாள். இந்தப் பக்கம் கடைசி எழுத்து: சி. அந்தப் பக்கம் முதல் எழுத்து: ஜி.

அகப்பட்டான்! அதுவும் தனியாகவா இருந்தான்? முன்னால் ஜி-டி, பின்னால் டி-டி என்று பரிவாரத்தோடு நின்றான். மனிதக் காவல் அணுக்களுக்கு அறவே பிடிக்காத பரிவாரம் அது. ஒரு வளையத்துக்கு ஒருவன்தான். ஆனால் குழிக்குள் ஊற்றியது கோடானுகோடி வளையம். மஞ்சளாகாமல் என்ன செய்யும்?

“தம்பீ!”

அந்த ஒலி கேட்டு மூன்றாம் மாடியே திடுக்கிட்டது. இரைச்சலை அடக்கும் ஹெட்போனையும் துளைத்துக்கொண்டு அது டாக்டர் தம்பியின் செவியைச் சேர்ந்தது. ஓடிவந்தான். அக்கா ஒட்டின் மேல் விரலை வைத்தாள். பார்த்தான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“ஐயோ அக்கா.”

“உன் புரோகிராம் பாத்துக்கும்னியே.”

“அது கடைசி எழுத்தோட நின்னுடும்க்கா... திரும்ப முதல் எழுத்துக்குப் போகாது. நான் அப்படி எழுதவே இல்ல.” பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளிறியது. “அக்கா, என்னோட ஒம்போதையும் இதே மாதிரிதான் எண்ணியிருக்கேன். கட்டுரையில வேற கடைசியா வரைஞ்சதுக்கு நூத்துப் பதினாலு சி-ஜின்னு போட்டுட்டேன்.”

“நூத்துப் பதினஞ்சா இருக்கும்,” என்றாள் அக்கா. “போய் ஒட்டிப் பாரு. டேப் தரட்டுமா?”

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் ஏதோ நல்லது செய்திருப்பதாக அவருக்கு மங்கலாகத் தோன்றியது. அது என்னவென்று ஸ்கூட்டரில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மேடத்தை மேசைக்கே அழைத்துவந்து காட்டினாள். மேடம் வளையத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவந்தார். ஒட்டைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி மறுபடி பார்த்தார். “அடக் கடவுளே, இத இத்தனை வருஷமா நாங்க யாருமே பாக்கலையா?” என்றார். இன்னொரு வாய்ப்பு அருளப்பட்டது. அக்கா அந்தக் கடைசி சி-யை டி-யாக மாற்றினாள். ஒரே ஓர் எழுத்து! அதற்காக மறுபடி பாக்டீரியா, மறுபடி வளர்ப்பு, மறுபடி பிரிப்பு, மறுபடி கழுவல், பன்னிரண்டு நாள். கழுவும்போது மட்டும் ஒருமுறை கூடுதலாகவே கழுவினாள். யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

பதின்மூன்றாம் நாள் சாயம் விழுந்தது. மேல்வரிசை மஞ்சள். நடுவரிசை தண்ணீர். கீழ்வரிசை, எழுக வெற்றிச் சங்கம், ஏறுக வாகைக் கொடி, தண்ணீர்! பளிங்கெனத் தெளிந்த, ஐயம் துளியும் கலவாத, குழி குழியாய்த் ததும்பிய வெறும் தண்ணீர்! ஐம்பதாயிரம் காவல் அணுக்களின் மூக்குக்கு நேரே கோடி வளையங்கள் நடந்துபோயும், ஒன்றுகூட ‘யார் அது?’ என்று கேட்கவில்லை. டாக்டர் தம்பியே முதலில் கை தட்டினான், கையுறையோடு தட்டியதால் சத்தம் சரியாக வரவில்லை.

ஆய்வகமே ஃப்ரீசர் முன் திரண்டது. கதவு திறந்தது, வெண்புகை படர்ந்து எல்லோருடைய செருப்பையும் நனைத்தது. மேல்தட்டில் இடம் ஒதுக்கப்பட்டது. மேடம் குப்பியை இடக்கையில் ஏந்தினார். மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றினார். மங்காப் புகழை எழுதப்போகும் அந்தக் கரிய முனை குப்பியை நெருங்கியது, தொடப்போயிற்று, தொடும் தறுவாயில் அப்படியே நின்றது. மேடம் நிமிர்ந்தார். டாக்டர் தம்பியைப் பார்த்தார். அவன் மாணவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“அக்கா,” என்றார் மேடம், தணிந்த குரலில். “உங்க பேரு என்ன?”

பதினோரு வருடம்! அவளுக்கு வலித்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நன்றாகவே வலித்தது. அந்தப் பேரவையில் ஒருவருக்காவது தெரியாதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்; ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் அவர்கள் விழித்த விழியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குடுங்க மேடம், நானே எழுதறேன்,” என்று பேனாவை வாங்கினாள். கேளுங்கள், எண்டிசையும் கேளுங்கள்! பனிப்படலம் சூழ, எட்டுப் பேர் மூச்சடக்கி நிற்க, கட்டைவிரல் பருமனுள்ள அந்தக் குப்பியின்மேல், முதலெழுத்து மட்டும் போதும் என்று யாரும் சொல்வதற்குள், தன் முழுப்பெயரையும், தலைப்பெழுத்தும் புள்ளியும் உட்பட, இடம் போதாத கடைசி எழுத்தை மூடியின்மேல் ஏற்றி, நிறுத்தி நிதானமாக எழுதி முடித்தாள் அந்த மாதரசி. எல்லோரும் குனிந்து, தலையோடு தலை முட்ட, அந்தப் பெயரை முதன்முறையாகப் படித்தார்கள்.

“சரிக்கா, ஃப்ரீசரை மூடுங்க, உள்ள சூடேறுது,” என்றார் மேடம்.